ஏழாம் இலக்கத்தின் கடைசித் தரிப்பிடம்

பிரபாலினிக்கு ஃப்ரெஷன் என்ற ஊரை நன்றாகத் தெரியும் என்றும் சொல்லலாம், அறவே தெரியாது என்றும் சொல்லலாம். கொலோன் நகரத்தின் மேற்கு எல்லைப் பலகையைத் தாண்டிய கையோடு தொடங்கிவிடுகிற சிறிய ஊர் அது. ஏழாம் இலக்க ட்ராம் ரைன் ஆற்றுக்குக் கிழக்கேயிருந்து புறப்பட்டு, பாலத்தில் ஏறி இறங்கி, நகரத்து நெரிசலுக்குள் ஊர்ந்து, கடைசியில் அங்கே போய்த்தான் ஓயும். அந்த ட்ராமை ஓட்டுகிறவர்களில் ஒருத்தி பிரபாலினி.

முன்கண்ணாடி வழியாகப் பார்த்த ஃப்ரெஷன் அவளுக்கு மனப்பாடம். எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தப் பேக்கரியின் முன்னால் ஆட்கள் தண்டவாளத்தைப் பாராமல் குறுக்கே இறங்குவார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கதவு மூடுகிற நேரம் பார்த்து ஓடிவருவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் அந்தப் பேக்கரிக்குள் ஒருநாளும் அவள் கால் வைத்ததில்லை. கடைசித் தரிப்பிடத்தில் சனங்களை இறக்கிவிட்டு, ஓட்டுநர் அறையைப் பூட்டிக்கொண்டு, ட்ராமின் மறுமுனைவரை மேடையில் நடந்துபோவாள். அங்கே இருக்கிற அறையில் ஏறி உட்கார்ந்து, சுடுநீர்ப் போத்தலில் கொண்டுவந்த தேநீரை நாலு மிடறு குடிப்பாள். பிறகு வந்த வழியே கொலோனுக்குத் திரும்பிவிடுவாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வந்த புதிதில் ஹோட்டல் அறைகளில் கட்டில் விரித்தாள். பிறகு பாண் கடை ஒன்றில் நின்றாள். அங்கே நின்று நின்று ஜெர்மன் நன்றாக ஓடத் தொடங்கியது. முப்பது வயது தாண்டிய பிறகு ஒருநாள், வேலைக்குப் போகும் வழியில், ட்ராமின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் கண்டாள். ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி நாங்களே தருவோம் என்று அதில் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் அதைச் சொல்ல, கணவன் ஐங்கரன் கையில் எடுத்த புட்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தான்.

"பஸ்ஸெண்டாலும் பரவாயில்லை. உது ரெயில் மாதிரி நீளமெல்லே, பிரபா!"

"நீளமாயிருந்தா என்ன? திருப்பிறது தண்டவாளம் பாத்துக்கொள்ளும். நான் நிப்பாட்டத்தானே பழகவேணும்."

நிறுத்தப் பழகினாள். முதல்முறையாகத் தனியே ஓட்டிய நாளில், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் ஐங்கரன் லீவு எடுத்துக்கொண்டு வந்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டான். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய், திரும்பியும் வந்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம், ஓட்டுவது தன் மனைவி என்று அவனே சொல்லிக்கொண்டு வந்தான்.

அவர்கள் குடியிருந்தது டொய்ட்ஸ் பகுதியில், ஆற்றின் கிழக்குக் கரையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாவது தளத்தில். குசினி யன்னலால் உடம்பைப் பாதி வெளியே நீட்டினால் பெரிய தேவாலயத்தின் இரண்டு கோபுர நுனிகளும் தெரியும். மகள் நிருஷா பிறந்ததும் வளர்ந்ததும் அந்த வீட்டில்தான். கீழ்த்தளத்தில் சிவசக்தி அக்கா. கொலோனில் நடக்கிற தமிழ்க் கலியாணங்களில் பாதிக்கு மேல் அவளுடைய தையல் மெஷினைத் தொட்டுவிட்டுத்தான் மேடை ஏறும். பிளவுஸ் தைக்க வருகிறவர்கள் சொல்லுகிற கதைகளையும் சேர்த்துத் தைத்துவைத்திருப்பாள். அவளுக்குத் தெரியாமல் ஊரில் ஒன்றும் நடவாது.

ஒரு வசந்தகாலத்துச் சனிக்கிழமை வீட்டுக்காரர் கேக் பெட்டியோடு படியேறி வந்தார். நல்ல மனுசர். ஒரு துண்டு கேக்கைத் தின்று முடிக்கும்வரை காலநிலையைப் பற்றிக் கதைத்தார். பிறகு, மகனுக்குக் கலியாணம் ஆகிறது என்றும், அவனுக்கு இந்த வீடு தேவைப்படுகிறது என்றும், வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். சட்டம் அவர் பக்கம். அவர் போன பிறகு மிச்சக் கேக்கை யாரும் தொடவில்லை.

அடுத்த சில மாதங்கள் வீடு பார்க்கிற படலம். கொலோனில் வீடு பார்ப்பது என்றால் வீட்டைப் பார்ப்பதல்ல, வரிசையில் முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்ப்பது. படிக்கட்டு நெடுக ஆட்கள் நிற்பார்கள். ஒருமுறை அவர்களுக்கு முன்னால் நின்ற இளம் தம்பதி, தங்கள் குடும்பப் படத்தோடு நாயின் படத்தையும் வைத்து, நாய் எழுதியதுபோல ஒரு சுயவிவரமும் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஐங்கரன் எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"எங்களிட்டை நாயும் இல்லை," என்றான்.

கேட்ட இடங்களில் பாதி பதில் போடவில்லை. பதில் போட்ட இடங்களில் சொன்ன வாடகை இரண்டு பேருடைய சம்பளத்தையும் விழுங்கிவிட்டு இன்னும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நகரத்துக்கு வெளியே பார்க்கலாம் என்று ஐங்கரன் மெதுவாகச் சொன்னபோது, முதலில் வெடித்தது நிருஷாதான். அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறவள்.

"கொலோனை விட்டு நான் வரேலாது. என்ரை சிநேகிதியள் எல்லாம் இஞ்சை. அங்கை போய் மாட்டோடையோ கதைக்கிறது?"

ட்ரம்பெட்டோடும் அந்த வீட்டில் நிம்மதி இருந்ததாகச் சொல்ல முடியாது. வாத்தியத்தின் வாயில் சத்தம் குறைக்கிற அடைப்பானைச் செருகித்தான் ஊதுவாள். அப்படியும் மேல்வீட்டுக்காரர் தரையில் விளக்குமாற்றுப் பிடியால் இடிப்பார். ஆனாலும் அது அவள் பிறந்த வீடு. அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராயில்லை.

இப்படியிருக்கையில்தான் ஆகஸ்ட் மாதத்து மத்தியானம் ஒன்றில் அது நடந்தது.

கடைசித் தரிப்பிடத்தின் தண்டவாளத்துக்கு அப்பால், மரவேலிக்குப் பின்னால், செங்கல் நிறத்தில் ஒரு வீடு உண்டு. மேல்மாடிப் பால்கனியில் தக்காளிச் செடிகளுக்கு நடுவே எப்போதும் ஒரு கிழவர் இருப்பார். பிரபாலினி மேடையில் நடந்துபோகும்போது அவர் கையைத் தூக்குவார். அவளும் தூக்குவாள். வருடக்கணக்கில் அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்கு அந்த வீட்டின் வாசலில் பாரவண்டி ஒன்று நின்றது. இரண்டு பேர் கீழ்வீட்டிலிருந்து சோபாவைத் தூக்கி வந்து அதற்குள் ஏற்றினார்கள்.

பிரபாலினி நின்றாள். மறுமுனைக்குப் போய்த் தேநீர் குடிக்க வேண்டிய நேரம் அது. அவள் திரும்பி, தண்டவாளத்தைக் கடந்து, சீருடையோடு வேலிக்கரைக்கு ஓடினாள். பால்கனிக் கிழவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஃபிரௌ சீபன்! ட்ராம் பழுதாகிவிட்டதா?" என்று மேலிருந்து கேட்டார். ஏழாம் நம்பர் அம்மா என்று அர்த்தம். இவ்வளவு காலமும் அவர் தனக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அது.

"இல்லை. கீழ்வீடு காலியாகிறதா?"

"ஆகிறது. யாருக்கு?"

"எனக்கு. கணவர், மகள், நான்."

கிழவர் தக்காளிச் செடியைப் பார்த்தார், ட்ராமைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "வீடு என் மைத்துனி எஸ்ஸருடையது. இன்னும் விளம்பரம் போடவில்லை. நான் சொல்லுகிறேன். பெயர் என்ன? சீபன் என்று சொன்னால் அவள் என்னைப் பைத்தியம் என்பாள்."

அவள் பெயரைச் சொன்னாள். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, தன் பெயர் பெஷ் என்றார். ட்ராமுக்குள் காத்திருந்த பெண்மணி ஒருத்தி கண்ணாடியில் தட்டினாள். பிரபாலினி ஓடிப்போய் ஏறி, அன்றைக்குத் தேநீர் குடிக்காமலே கொலோனுக்கு ட்ராமைத் திருப்பினாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீடு பார்க்கப் போனார்கள். வரிசை இல்லை. படிக்கட்டில் யாருடைய முதுகும் இல்லை. எஸ்ஸர் அம்மா குள்ளமான, சுறுசுறுப்பான மனுசி. கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் காட்டினார். குசினியிலிருந்து ஒரு கதவு பின்வளவுக்குத் திறந்தது. நிருஷாவுக்கு டொய்ட்ஸில் இருந்ததைவிடப் பெரிய அறை. வாடகை, அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கீழே. ஐங்கரனுக்குச் சந்தோசத்தில் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தான், மூடினான், திரும்பவும் திறந்தான்.

"அமைதியான வீடு இது," என்றார் எஸ்ஸர் அம்மா. "செல்லப்பிராணி? சிகரெட்? வாத்தியம் ஏதாவது?"

"இல்லை, இல்லை, ஒன்றும் இல்லை," என்று ஐங்கரன் மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லி முடிக்கவில்லை.

"ட்ரம்பெட்," என்றாள் நிருஷா. "ஒவ்வொரு நாளும் ஊதுவேன். சத்தமாக."

ஐங்கரனின் முகம் வடிந்துவிட்டது. பிரபாலினி மகளைத் திரும்பிப் பார்த்தாள். நிருஷா யன்னலுக்கு வெளியே எதையோ அக்கறையாகப் பார்ப்பதுபோல நின்றாள். வேண்டுமென்றே சொன்னாள் என்பது தாய்க்கு விளங்கிவிட்டது.

எஸ்ஸர் அம்மா கைப்பையைத் திறந்து ஒரு திறப்பை எடுத்தார். "வா," என்று பிள்ளையை மட்டும் கூப்பிட்டார். எல்லோரும் பின்னால் போனார்கள். நிலவறைக்கு இறங்கும் படி, அதன் அடியில் தடித்த மரக்கதவு. திறந்தால் வெள்ளையடித்த சிறிய அறை. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. மேலே, தெருவோடு ஒட்டி, கம்பி போட்ட காற்றுத் துவாரம்.

"முன்னே நிலக்கரி கொட்டி வைத்த இடம். என் கணவர் இந்த வீட்டில் ஒரு கூட்டம் புறா வளர்த்தார். விடியற்காலையில் எல்லாம் சேர்ந்து கத்தும். உன் ட்ரம்பெட் அதைவிட மோசமாக இருக்குமா?"

நிருஷா உள்ளே நுழைந்தாள். அறையின் நடுவில் நின்று ஒருதரம் கையைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் சுவரில் பட்டு உருண்டையாகத் திரும்பி வந்தது. அவள் இன்னொரு தரம் தட்டினாள். எஸ்ஸர் அம்மா பிரபாலினியின் பக்கம் திரும்பி, எப்போது குடிவருகிறீர்கள் என்று கேட்டார்.

கொலோனை விட்டுப் போவது என்று முடிவானதும், கீழ்வீட்டுச் சிவசக்தி அக்கா அதைச் செத்தவீட்டுச் செய்தி மாதிரித்தான் எடுத்துக்கொண்டாள்.

"ஃப்ரெஷனோ! அதுக்கு விசா எடுக்கவேணுமோ?"

"நீங்கள் வாசலிலை ஏறினால் ட்ராம் நேரை கொண்டுபோய் விடும், அக்கா. மாறவும் தேவையில்லை."

"நீ ஓட்டுறனி, உனக்குக் கிட்டத்தான். எங்களுக்கு அது வேறை நாடு. கார் நம்பர் தகடே வேறையாமெல்லே?"

தகடு வேறுதான். கொலோன்காரர்கள் அந்த வட்டாரத்துக் காரைக் கண்டால் சும்மாவே ஹோர்ன் அடிப்பார்கள். ஐங்கரன் தன் பழைய காருக்குக் கொலோன் தகட்டையே வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் பெரிய நிம்மதி அடைந்தான். பால் காய்ச்சுகிற நாளுக்குச் சிவசக்தி அக்கா வரவில்லை. கலியாண வேலை தலைக்கு மேலே கிடக்குது என்று ஃபோனில் சொன்னாள். பிரபாலினிக்கு அது கொஞ்சம் வலித்தது. ஆனாலும் அக்காவின் கோபம் அன்பின் கோபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புது வீட்டில் முதல் கிழமை மூவருக்கும் நித்திரை வரவில்லை. டொய்ட்ஸில் ரயில், அம்புலன்ஸ், வெறியில் பாடிக்கொண்டு போகிறவர்கள் என்று எந்த நேரமும் ஏதாவது கேட்கும். இங்கே எட்டு மணிக்குப் பிறகு தெரு தொப்பென்று அடங்கிவிடும்.

"ஆரோ ரேடியோவை நிப்பாட்டின மாதிரிக் கிடக்கு," என்றான் ஐங்கரன்.

அதற்குப் பதிலாக வேறு சிலது கிடைத்தது. பெஷ் கிழவர் தக்காளியைக் கூடையில் வைத்துக் கயிற்றில் கட்டிப் பால்கனியிலிருந்து கீழே இறக்குவார். ஐங்கரன் அதே கூடையில் ரசப் போத்தலை வைத்து மேலே அனுப்புவான். கிழவருக்கு முதல்நாள் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நாள் வெறும் போத்தலைக் கூடையில் வைத்து இறக்கி, நிரப்பித் தரும்படி கேட்டார். பிரபாலினி விடுமுறை நாளொன்றில் அந்தப் பேக்கரிக்குப் போனாள். இத்தனை வருடமும் முன்கண்ணாடியால் மட்டும் பார்த்த கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே நின்றபோது சிரிப்பு வந்தது. பாண் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், தண்டவாளத்தைப் பாராமல் குறுக்கே இறங்கினாள். ஏழாம் இலக்கம் மணியை அடித்துக்கொண்டு வந்து நின்றது. உள்ளே இருந்த சக ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நிருஷா மட்டும் ஒட்டவில்லை. பள்ளிக்கூடம் மாறவில்லை, காலையில் ஏழாம் இலக்கத்தில் போய், பின்னேரம் அதிலேயே திரும்புவாள். வந்ததும் தாயோடு இரண்டு வார்த்தை, பிறகு நிலவறை. ஆனால் அங்கே அடைப்பான் இல்லாமல் ஊதினாள். முதல்முறையாக முழுச் சத்தத்தில். மேலே குசினியில் அது தூரத்து ஊரில் யாரோ ஊதுவதுபோலத்தான் கேட்கும். தெருவில் போகிறவர்களுக்கோ காற்றுத் துவாரத்தின் வழியாகத் தெளிவாகக் கேட்டது. அதை அவள் யோசிக்கவில்லை.

அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற பெண் ஒருநாள் மஞ்சள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துவாரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். வாசிப்பு நின்றதும் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அந்த இரண்டாவது பகுதியை இன்னும் கொஞ்சம் மெதுவாக எடுத்துப் பாரேன்!"

உள்ளே ஏதோ கீழே விழுந்தது. பிறகு, "யார் அது?" என்று ஒரு குரல்.

"தபால்! ஊர் வாத்தியக் குழுவை நடத்துவதும் நான்தான். எங்களுக்கு ட்ரம்பெட் வாசிக்க ஆள் போதாது. சென்ட் மார்ட்டின் ஊர்வலம் வருகிறது. வியாழக்கிழமை ஒத்திகைக்கு வருவாயா?"

அன்று பின்னேரம் நிருஷா குசினிக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே, யாருக்கோ நடந்த விஷயத்தைப்போல இதைச் சொன்னாள்.

"போகப்போறியோ?" என்று பிரபாலினி கேட்டாள்.

"தெரியாது. எல்லாம் கிழடுகளாயிருக்கும். சும்மா ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."

போய்ப் பார்த்தாள். கிழவர்களும் இருந்தார்கள், அவள் வயதில் ஒரு சாக்ஸபோன்காரியும் இருந்தாள். அதற்கடுத்த வியாழனும் போனாள். மூன்றாவது வியாழன் அவளை ஐங்கரன் கூட்டிவரப் போனபோது, வாசலில் அவள் அந்தச் சாக்ஸபோன்காரியோடு நின்று கதைத்து முடியவில்லை. காரின் சூடேற்றியைப் போட்டுக்கொண்டு அவன் காத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "மாடு இல்லை, மனுசர்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

நவம்பர் மாதம், பிள்ளைகள் காகித விளக்கேந்திப் போகிற சென்ட் மார்ட்டின் ஊர்வலத்தன்று பிரபாலினிக்குப் பின்னேர வேலை. எவ்வளவு கேட்டும் மாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. நிருஷா, "பரவாயில்லை அம்மா, பெரிய கச்சேரியோ, சும்மா தெருவிலை நடக்கிறதுதானே," என்றாள். அவள் அப்படிச் சொன்ன விதத்திலேயே, பரவாயில்லை அல்ல என்பது தெரிந்தது.

அன்றைக்குத்தான் சிவசக்தி அக்காவும் ஒருவழியாக வரச் சம்மதித்திருந்தாள். பிரபாலினி ஓட்டுகிற கடைசி ஓட்டத்தில் டொய்ட்ஸில் ஏறுவதாக ஏற்பாடு. சொன்னபடியே தரிப்பிடத்தில் நின்றாள், தடித்த குளிர்ச்சட்டையும் இரண்டு கையிலும் பைகளுமாக. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருக்கிற முதல் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கண்ணாடியில் தட்டி, "இன்னும் வரேல்லையோ?" என்று சைகையால் கேட்டாள். எல்லைப் பலகை தாண்டியது அவளுக்குத் தெரியவே இல்லை.

ஃப்ரெஷனின் கடைத்தெருவுக்குள் ட்ராம் நுழைந்தபோது இருட்டிவிட்டது. முன்னால் மஞ்சள் அங்கி போட்ட பொலிஸ்காரர் கையைத் தூக்கி மறித்தார். பிரபாலினி நிறுத்தினாள். பக்கத் தெருவிலிருந்து முதலில் ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. அதன்மேல் சிவப்புப் போர்வையும் தலைக்கவசமுமாக, புனித மார்ட்டின் வேடத்தில் ஒருவர். அவர் பின்னால் பிள்ளைகள், தடியில் தொங்குகிற காகித விளக்குகளோடு. நிலா, முள்ளம்பன்றி, மீன், வீடு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். தண்டவாளத்துக்குக் குறுக்கே அந்த வெளிச்சங்கள் ஆடி ஆடிப் போயின.

ட்ராமுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. கைப்பெட்டியோடு ஒருவர் முன்னுக்கு வந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து வானொலி கரகரத்தது: ஏழு ஏன் நிற்கிறது?

"குதிரை போகிறது," என்றாள் பிரபாலினி.

வானொலி திரும்பவும் கரகரத்தது. பிறகு, "புரிகிறது. குதிரைக்கு வழி விடுங்கள்," என்று குரல் வந்தது.

அப்போதுதான் வாத்தியச் சத்தம் கேட்டது. விளக்குகளுக்குப் பின்னால், மூன்று மூன்று பேராக, ஊர் வாத்தியக் குழு வளைவில் திரும்பி வந்தது. முன்னால் தபால்காரி பின்பக்கமாக நடந்துகொண்டே கையை வீசினாள். முதல் வரிசையின் ஓரத்தில், சிவப்புக் கம்பளித் தொப்பி காதுவரை இழுத்துவிட்டிருக்க, குளிரில் கன்னம் உப்பி, நிருஷா.

பிரபாலினிக்கு மணியை அடிக்கக் கை வந்தது. குதிரை மிரண்டுவிடும் என்று கையை எடுத்தாள். அதற்குப் பதிலாக ட்ராமின் முன்விளக்கைத் தணித்தாள். தெரு இருண்டது, காகித விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக மேலெழுந்து தெரிந்தன. கரையில் நின்ற சனம் "ஆ" என்றது. நிருஷா தலையைத் திருப்பினாள். ஏழாம் இலக்கத்தையும் கண்ணாடிக்குள் தாயையும் கண்டாள். வாயிலிருந்து வாத்தியத்தை எடுக்க முடியாது. ட்ரம்பெட்டின் வாயை மட்டும் ட்ராமை நோக்கிக் கொஞ்சம் உயர்த்தினாள்.

பிரபாலினி ஒலிவாங்கியை எடுத்தாள். விதிப்படி அறிவித்தாள்: "அன்பான பயணிகளே, சென்ட் மார்ட்டின் ஊர்வலம் போய் முடிந்ததும் புறப்படுவோம்." வைக்கப் போனவள், வைக்காமல் இன்னொன்றையும் சொன்னாள். "இந்தப் பக்கத்து ஓரத்தில், சிவப்புத் தொப்பியோடு ட்ரம்பெட் ஊதுவது என் மகள்."

பின்னால் எல்லோரும் எழுந்து முன்பக்கம் வந்துவிட்டார்கள். கைப்பெட்டிக்காரர் கண்ணாடியோடு மூக்கை ஒட்டினார். யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். சிவசக்தி அக்கா இரண்டு பைகளையும் இருக்கையில் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற ஜெர்மன் பெண்மணியின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கடை பிள்ளை! எங்கடை பிள்ளை!" என்று தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண்மணி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

கடைசித் தரிப்பிடத்தில் ட்ராமை மாற்று ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ஐங்கரன் ஏற்கெனவே புட்டு அவித்து, மீன்குழம்பும் வைத்திருந்தான். நிருஷா உதடு தடித்துப்போய், மூக்குச் சிவந்து வந்து சேர்ந்தாள். எஸ்ஸர் அம்மாவும் வந்தார், ஊர்வலம் முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற, திராட்சைக் கண் வைத்த மனித உருவப் பணிஸ்களைப் பையில் நிறைத்துக்கொண்டு. வாசலில் நின்றே தந்துவிட்டுப் போக வந்தவரை ஐங்கரன் உள்ளே கூப்பிட்டு இருத்தினான்.

சிவசக்தி அக்கா அதுவரை வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். குசினி சின்னன் என்றாள், யன்னல் சீலை நிறம் சரியில்லை என்றாள். எஸ்ஸர் அம்மாவைக் கண்டதும் அவளுடைய கண் நேரே அவருடைய குளிர்ச்சட்டையின் விளிம்புக்குப் போனது. ஒரு பக்கம் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஜெர்மனியில் இருந்தும் அக்காவுக்குத் தையல் கடை ஜெர்மன்தான் வரும்: நீளம், அகலம், இறுக்கம், நாளைக்கு. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய விஷயத்தைப் பேச முடியாது.

"நிருஷா, உவவைக் கோட்டைக் கழட்டச் சொல்லு. உப்பிடியோ ஒரு வீட்டுக்காரி திரியிறது? வெக்கக்கேடு!"

நிருஷா வாயிலிருந்த பணிஸை விழுங்கினாள். "சிவசக்தி அன்ரி பெரிய தையல்காரி," என்று எஸ்ஸர் அம்மாவிடம் ஜெர்மனில் சொன்னாள். "உங்கள் கோட் மிக அழகாக இருக்கிறதாம். விளிம்பைத் தானே தைத்துத் தரட்டுமா என்று கேட்கிறார்."

எஸ்ஸர் அம்மா முகம் மலர்ந்து கோட்டைக் கழற்றினார். அக்கா கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள்; அவை இல்லாமல் அவள் எங்கும் போவதில்லை. ஒரு பக்கம் தையல் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் எஸ்ஸர் அம்மா கரண்டியால் புட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது கொஞ்சம் மரத்தூள் மாதிரி இருக்கிறதே," என்றார் தயக்கத்தோடு.

"என்னவாம்?" என்று அக்கா ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"இவ்வளவு மெதுவான சாப்பாட்டைத் தான் சாப்பிட்டதேயில்லையாம், அன்ரி."

"பின்னை? குழம்பை ஊத்திக் குழைக்கச் சொல்லு. சும்மா தின்னப்பிடாது."

குழம்பு ஊற்றிய பிறகு எஸ்ஸர் அம்மா இரண்டாம் தரமும் வாங்கினார். அன்று நிருஷா மொழிபெயர்த்ததில் பாதிகூட உண்மையில்லை. குசினி வாசலில் சீருடைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்ற பிரபாலினிக்கு இரண்டு பக்கமும் விளங்கியது. ஒன்றையும் திருத்தாமல், இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்தாள்.